பதினோரு ராடு

மொதல்ல அந்த லேத்து மெஷின நிறுத்துங்க தம்பி. நிறுத்திட்டுப் பேசலாம். டீயெல்லாம் வேண்டாங்க. அம்மிணிய உள்ளயே இருக்கச் சொல்லுங்க, இந்தக் கொட்டாய்ப் பக்கம் இப்ப வர வேண்டாம். இல்லீங்க, சண்டைக்கு வரலை. பஸ் ஸ்டாண்டுல இருந்து ஓட்டமா வந்தேன், அதான் இளைக்குது. எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணுமே இல்ல தம்பி, அதுதான் என்னால தாங்க முடியல.

அடையாளம் தெரியுதுங்களா? சென்னியப்பன். கோயமுத்தூரு, ஆவாரம்பாளையம். தை மாசம் எங்கூட்டுக்கு வந்து பதினோரு ராடு ஏத்திட்டு வந்தீங்களே. முழங்கை நீளம், மஞ்சள்ல செவப்பு கலந்த மாதிரி. "என்ன மெட்டலுங்ணா?"ன்னு கேட்டீங்க. "பாஸ்பர் பிரான்ஸு தம்பி, நான் கேரண்டி"ன்னு சொன்னேன். ஞாபகம் இருக்குங்களா?

அது பாஸ்பர் பிரான்ஸ் இல்லீங்க.

எத்தனை மிச்சம் இருக்கு? நாலா? அப்ப ஏழு கடைஞ்சாச்சு. ஏழு. சரி. அந்த நாலையும் நான் எடுத்துட்டுப் போறேன். அதுக்கு பதிலா நல்ல பித்தளை, டெஸ்ட் ரிப்போர்ட்டோட வாங்கித் தர்றேன். சிரிக்காதீங்க. கெழவன் நல்ல மெட்டலக் குடுத்துட்டு மனசு கேக்காமத் திருப்பி வாங்க வந்துட்டான்னு நெனைக்கறீங்க. நானா இருந்தாலும் அப்புடித்தான் நெனச்சிருப்பேன். ஐயோ, அந்த ஏர் ஹோஸ எடுக்காதீங்க! காத்தப் புடிச்சு ஊதாதீங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஸ்டூல் மேல பொடி கெடந்தாக் கெடக்கட்டும், நான் உக்காரலை. வெளிய போயிரலாங்களா? அந்த முருங்கமரத்தடிக்கு. வாங்க.

ம். இங்க பரவால்ல.

எங்கூட்டுக்காரி பேரு துளசிமணி. நீங்க வந்தப்பப் பாத்திருப்பீங்க, கட்டல்ல தலகாணி வெச்சுச் சாஞ்சு உக்காந்திருந்தா. "அக்காவுக்கு மேலுக்குச் சரியில்லீங்களா?"ன்னு கேட்டீங்க. "டீபீ, மருந்து ஓடுது, சரியாயிரும்"னு சொன்னேன். அது டீபீயும் இல்லீங்க. அன்னைக்கு நான் உங்களுக்குச் சொன்னது ரெண்டு. ரெண்டும் தப்பு.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன். பஸ்ஸுல வர்றப்ப நாலு வார்த்தையில சொல்லிப் பாத்தேன், வரலை. சொன்னாத்தான் உங்களுக்கும் வெளங்கும்.

பம்பு கம்பெனியில இருபத்திரண்டு வருசம் லேத்துல கடையற டர்னரு நான். கம்பெனிய மூடிட்டாங்க. பழைய லேத்து ஒண்ண வாங்கி ஊட்டுக்குப் பக்கத்துலயே தகரக் கொட்டாய் போட்டு எறக்குனேன். மொதல்ல புஷ்ஷு கடைஞ்சேன், பொறவு கதவுக் குமிழு. தேக்குக் கதவுல வரிசையா வெச்சு அடிப்பாங்களே, அது. கடையறது நான். அதுக்குத்தான் கையில வித்தை வேணும். கடைஞ்ச பொறவு எமரித் தாள்ல தேச்சு, பஃப் வீல்ல, அந்தத் துணிச் சக்கரத்துல புடிச்சு, மூஞ்சி தெரியற மாதிரி பளபளப்பு ஏத்தணும் பாருங்க, அது சும்மா கைவேலை, அதத் துளசிமணி பாத்துக்குவா. கொட்டாய்க்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல ஒரு சந்து, அங்கதான் பஃப் மோட்டாரு. காலையில சோறாக்கிட்டு வந்து உக்காருவா. மத்தியானம் எனக்குப் போட்டுட்டு மறுக்கா உக்காருவா. வெளக்கு வெக்கற நேரம் எல்லாத்தயும் கூட்டி அள்ளிட்டு எந்திரிப்பா. பன்னெண்டு வருசம். ஆனா ஒரு நாள் வேலைக்குன்னு வெளிய அனுப்புனதில்லீங்க அவள. ஊட்டோட இருக்கறவ.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, வைகாசியில, தனக்கோடி போன் பண்ணினான். பழைய இரும்புக்கடை வெச்சிருக்கறவன். மூடிப்போன ஏதோ ஒரு பாக்டரிச் சரக்கு ஏலத்துல வந்திருக்கு, வந்து பாருங்கண்ணான்னான். போனேன். ராடு ஒரு அடுக்கு, கூட நாலஞ்சு சுத்தியல் தலை, எல்லாம் ஒரே நெறம். "என்னடா தனக்கோடி இது?"ன்னேன். "தெரியலீங்ணா. காகிதம் ஒண்ணும் வரலை. பித்தளைன்னு சொல்றதுக்கு மனசு வரலை. எங்காச்சும் டெஸ்ட்டுக்குக் குடுத்துப் பாத்துட்டு எடுங்க"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பித்தளையிலயும் கன்மெட்டல்லயும் ஊறுன கை தம்பி இது. காந்தம் வெச்சேன், ஒட்டலை. அரத்துல ராவுனேன். ராவுன எடத்த மோந்து பாத்தேன். "பாஸ்பர் பிரான்ஸுடா இது. நீயெல்லாம் மெட்டல் யாவாரம் பண்ற லட்சணம்!"னு சொல்லிட்டு ராடு மொத்தத்தயும் ஏத்திட்டு வந்துட்டேன்.

நீங்களே சொல்லுங்க, விக்கறவனுக்குப் பொறுப்பு இருக்கணுமா இல்லியா? என்னன்னே தெரியாத சரக்க எதுக்குய்யா இன்னொருத்தன் தலையில கட்டணும்? எனக்கு இன்னைக்கும் அவன் மேல ஆறலை.

ஆனா என்ன மெட்டலுங்க அது. நீங்கதான் கடைஞ்சிருக்கீங்களே, உங்களுக்குத் தெரியாததா. டூலத் தின்னும். நாளுக்கு மூணு தடவை தீட்டணும். ஆனா பினிஷிங்? பஃப்புல இருந்து எடுத்தா பொன்னு. கதவுல அடிச்சு மாசக்கணக்கா மங்காது. கேட்டுக் கேட்டு வாங்குனாங்க. எனக்கு ஒரு பேரு வந்துச்சு. சென்னியப்பன் குமிழுன்னு தச்சாசாரிங்க சொல்ற அளவுக்கு.

துளசிமணிக்குத்தான் அது புடிக்கலை. "மாமா, இது வழக்கமா வர்றது இல்ல. பொடி நெம்ப நைசாப் பறக்குது, தொண்டையில போயி ஒக்காந்துக்குது"ன்னா. "அந்தச் சன்னலத் தொறந்து விடுங்க"ன்னா. சன்னல் இருக்கறது பக்கத்து ஊட்டு வாத்தியார் பக்கம். மோட்டார் சத்தத்துக்கு அவரு சண்டைக்கு வர்றாருன்னு நான்தான் ஆணி அடிச்சு மூடியிருந்தேன். மறுபடியும் தொறந்தா மறுபடியும் சண்டை. "மூஞ்சியில துணி கட்டிக்க"ன்னேன். பழைய சீலைத் துணியக் கிழிச்சுக் கட்டிக்கிட்டா. சாயங்காலம் அவுத்து ஒதறுனா பொன்னுத்தூளாட்டம் கொட்டும். புருவத்துல, காதோரத்துல, மூக்குத்தி மேல, எல்லாம் மினுமினுன்னு இருக்கும். "அம்மன் செலையாட்டம் இருக்கறடி"ம்பேன். வெக்கப்பட்டுச் சிரிப்பா. ஆசையாத்தான் சொன்னேன் தம்பி. அந்த மினுமினுப்பு என்னன்னு எனக்குத் தெரியுமா?

போன வருசம் ஆடியில இருமல் ஆரம்பிச்சுது. காத்தடிக்கற காலம், ஊருக்கே இருமல், பனங்கல்கண்டு போட்டுப் பால் குடின்னேன். புரட்டாசியில தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டு நாலு படி ஏற முடியல. ரெண்டாம் படியில கொடத்த வெச்சுட்டு செவுத்தப் புடிச்சுட்டு நிக்கறா. போட்டிருந்த ரவிக்கை தொளதொளன்னு ஆயிருச்சு. கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரேயப் பாத்துட்டு டீபீயா இருக்கும்னாங்க. சளியில ஒண்ணும் தெரியல, இருந்தாலும் படம் அப்புடித்தான் இருக்குன்னு மாத்திரை குடுத்தாங்க. "என்ன வேலை பாக்கறாங்க?"ன்னு கேட்டாங்க. "வேலைக்கெல்லாம் போறதில்லீங்க, ஊட்லதான் இருக்கா"ன்னேன். அதயே எழுதிக்கிட்டாங்க.

ஆறு மாசம் மாத்திரை. முழுங்குனா வாந்தி. கண்ணெல்லாம் மஞ்சப் பூத்துப் போச்சு. அந்த நேரம் பாத்து ஒரு பெரிய ஆர்டர். கனமான வேலை ஒண்ணும் குடுக்கலீங்க. நின்னு பண்ண வேண்டாம்னு நாற்காலி போட்டு உக்கார வெச்சேன். "மெதுவாப் பண்ணு, அவசரமில்ல"ன்னுதான் சொன்னேன். மார்கழியில ஒரு நாள் இருமுனதுல புடி வழுக்கி, வீல்ல இருந்த குமிழு தெறிச்சு செவுத்துல போயி அடிச்சுது. அன்னையோட எந்திரிச்சவதான், அப்புறம் அந்தச் சந்துப் பக்கம் வர முடியல அவளால. பஃப் போட ஆள் இல்லாம ராடு சும்மா கெடந்துச்சு. அப்பத்தான் நீங்க வந்தீங்க. அதனாலதான் உங்களுக்குக் குடுத்தேன்.

இருங்க, எந்திரிக்காதீங்க. வெள்ளிக்கெழமை டெலிவரின்னா வெள்ளிக்கெழமை நான் போயி ஆர்டர் குடுத்த ஆள் கால்ல விழுந்து தவணை கேக்கறேன். இன்னுங் கொஞ்சந்தான். கேளுங்க.

பங்குனியோட மாத்திரை முடிஞ்சுது. சரியாகணும் இல்லீங்களா? குளிச்சுட்டு வந்து சீலை கட்டறதுக்குள்ள உக்காந்துட்டா. ஒதடு நீலம் பூத்துப் போச்சு. வேற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டரம்மா பேரு ஜெனிட்டா, சின்ன வயசுதான். அவங்களும் மொதல்ல அதத்தான் கேட்டாங்க. "என்ன வேலை?" "ஊட்லதாங்க." "வெறகடுப்பா?" "கேஸுங்க." "புறா, கோழி ஏதாச்சும் வளக்கறீங்களா?" "இல்லீங்க. தண்ணித் தொட்டி மேல புறா வந்து ஒக்காரும்." அன்னைக்கே மேல ஏறி அந்தக் கூட்டப் பிரிச்சுப் போட்டேன். ரெண்டு குஞ்சு, கண்ணு கூடத் தொறக்கல. முறத்துல அள்ளிட்டுப் போயி மரத்தடியில விட்டேன். என்ன ஆயிருக்கும்னு உங்களுக்கே தெரியும். புறாதான் காரணம்னு தெரிஞ்சாப் போதும், ஊர்ல இருக்கற புறாவை எல்லாம் வெரட்டிர மாட்டமான்னு அப்ப மனசு அலையுது.

நுரையீரல்ல இருந்து துளி சதை எடுத்துப் பாத்தாங்க. சின்னச் சின்ன முடிச்சா இருக்காம். ஏன்னு தெரியலைன்னாங்க. ஒரு நாள் பழைய படத்தக் கொண்டாங்கன்னு என்னையக் கீழ அனுப்புனாங்க. திரும்பி வர்றேன், டாக்டரம்மா துளசிமணி கையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருக்காங்க. வெரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயி, ரேகைக்குள்ள கருப்பு ஏறியிருக்கும். கழுவுனாப் போகாது அது.

"இது என்ன தழும்பு?"ன்னாங்க.

"பஃப் வீல் தட்டுனதுங்க."

"யாரு பஃப் போடறது?"

"நாந்தாங்க. பன்னெண்டு வருசமா."

டாக்டரம்மா என் பக்கம் திரும்புனாங்க. "இத ஏன் நீங்க சொல்லல? ஒவ்வொரு தடவையும் கேட்டனே?"

"நீங்க வேலைன்னு கேட்டீங்க. இது ஊட்டு வேலைதானுங்க"ன்னேன்.

பேனாவ மூடி மேசையில வெச்சாங்க. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்னு எனக்கு அன்னைக்குப் புரியல. இன்னைக்கும் முழுசாப் புரிஞ்சுதான்னு கேட்டா, தெரியலீங்க. உள்ளதத்தான் சொன்னேன்.

"என்ன மெட்டல்?"னாங்க. பித்தளை, கன்மெட்டலு, கடைசியாப் பாஸ்பர் பிரான்ஸுன்னு நான் சொல்றேன். துளசிமணி மூச்சப் புடிச்சுட்டு, "கடைசியா வந்தது என்னன்னு யாருக்கும் தெரியாதுங்க"ங்கறா. என் முன்னாலயே. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. டாக்டரம்மா, "அதுல ஒரு துண்டு எனக்கு வேணும். அது என்னன்னு தெரியாம நான் இருட்டுல மருந்து குடுக்க முடியாது"ன்னாங்க.

துண்டுக்கு எங்க போவேன்? ராடெல்லாம் உங்ககிட்ட. ஒரு போன் போட்டிருக்கலாம். போடலை. எதுக்குன்னு கேப்பீங்க, கேரண்டி சொன்ன வாயி, என்னன்னு சொல்றது? தனக்கோடி கடைக்குப் போனேன். சுத்தியல் தலை எல்லாம் எப்பவோ வித்துட்டானாம். கொட்டாய் மூலையில குப்பையக் கெளறுனேன், வெறுங்கையில. ரெண்டு நாள் தேடிட்டு வந்து கட்டல் ஓரமா ஒக்காந்து அழுதேன் தம்பி. அவதான் கையக் காட்டுனா. ஒடஞ்ச குமிழு ஒண்ணு, சமையக்கட்டுக் கதவு காத்துக்கு அடிக்காம இருக்கட்டும்னு முட்டுக் குடுத்து வெச்சிருக்கா.

எடுத்துட்டு மெட்டல் டெஸ்ட் பண்ற லேபுக்கு ஓடுனேன். துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின் வெச்சிருக்காங்க, மெட்டல் மேல வெச்சா ரெண்டு நிமிசத்துல காகிதம் வருது. செம்பு நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது, கோபால்ட்டு துளி. அவ்வளவுதான். "ஈயம் இருக்குங்களா?" "இல்லீங்க." "வெசம் ஏதாச்சும்?" "இதுல காட்டலீங்க." ரோட்டுல நின்னு அந்தக் காகிதத்தக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். வர்ற வழியில மைசூர்பா வாங்குனேன், மல்லிப்பூ வாங்குனேன். "துளசி, வெறுஞ் செம்புடி! கொடத்துலயும் சொம்புலயும் இருக்குமே, அதுதான்! நம்ம மேல தப்பே இல்ல"ன்னு கத்திக்கிட்டே உள்ள போறேன்.

அவ பூவ வாங்கி மடியில வெச்சுக்கிட்டா. "அப்ப எனக்கு என்னங்க மாமா?"ன்னா.

மறுநாள் டாக்டரம்மா காகிதத்தப் படிச்சுட்டு, "இந்த மெஷினுக்கு நெம்ப லேசான உலோகம் கண்ணுக்குத் தெரியாது. நீங்க டர்னர்தானே? செம்பு இப்படித்தான் கடினமா இருக்குமா?"ன்னாங்க. நான் சண்டை போட்டேன். மெஷின் பொய் சொல்லுதா, நீங்க மெட்டல் படிச்சவங்களா, டாக்டருக்குத்தானே படிச்சீங்கன்னு. வராண்டாவுல இருந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க.

செம்பு டூல்ல ஒட்டும் தம்பி. வெண்ணெயாட்டம் இழுக்கும். இது டூலையே தின்ன மெட்டலு. எனக்குத் தெரியாதா? அந்தக் காகிதத்தக் கையில வாங்குனப்பவே தெரியும். தெரிஞ்சுதான் மைசூர்பா வாங்குனேன்.

டாக்டரம்மா அந்தக் குமிழ அவங்களே வேற ஊருக்கு அனுப்புனாங்க. பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் கோயில் கோயிலா வேண்டுனது என்ன தெரியுங்களா? அவளுக்குச் சரியாகணும்னு இல்ல. ரிப்போர்ட்டுல ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு.

வந்துருச்சு. பெரிலியம். அப்புடி ஒண்ண நான் காதுல கேட்டதே இல்ல. நூத்துக்கு ரெண்டு பங்கு, அவ்வளவுதான் கலந்திருக்கு. பிளேனு, ராக்கெட்டு வேலைக்கு ஆகும், தீப்பொறி வராத சுத்தியலு பண்ணுவாங்களாம். கட்டியா இருந்தா சாதுங்க அது. தொடலாம், கையில வெச்சுக்கலாம். கதவுல இருக்கற குமிழால யாருக்கும் ஒண்ணும் வராது. கடைஞ்சா, ராவுனா, பஃப் போட்டா, காஞ்ச பொடியப் பெருக்குனா, அப்பத்தான் எமன். கண்ணுக்கே தெரியாத பொடி, உள்ள போனா வெளிய வராது. சில ஒடம்பு தாங்கிக்குமாம், சில ஒடம்பு தாங்காதாம். ஏன்னு கேட்டா அது ரத்தத்துல இருக்கற அமைப்புங்கறாங்க. எனக்கு எக்ஸ்ரே சுத்தம். லேத்துக்கு மொகத்தக் குடுத்துக்கிட்டு நின்னவன் நான், எனக்குச் சுத்தம். அவளுக்கு ரெண்டு பக்கமும் தழும்பு. போனது திரும்பாதுன்னுட்டாங்க. மிச்சத்தக் காப்பாத்தத்தான் இப்ப மருந்து. அந்த மருந்துக்கு மூஞ்சி உப்பிப் போச்சு. ஊட்ல ஆக்சிஜன் மெஷின் வெச்சு மூக்குல கொழாய் மாட்டியிருக்கு, அத மாட்டிக்கிட்டு மெஷின் இருக்கற எடத்துல இருந்து எட்டுத் தப்படி. அதுதான் இப்ப அவளுக்கு ஊடு.

நேராத் தனக்கோடி கடைக்குப் போயி சட்டையப் புடிச்சேன். "கொன்னுட்டியேடா"ன்னேன். அவன் கைய எடுக்கக்கூட இல்ல. "டெஸ்ட்டுக்குக் குடுங்கன்னு சொன்னனேங்ணா. நீங்கதான் மோந்து பாத்துட்டுத் தூக்கிட்டுப் போனீங்க"ன்னான். என்ன தெனாவெட்டு பாருங்க. நான் அவனாட்டம் இல்ல தம்பி. நான் உங்களுக்குக் குடுத்தப்ப நல்ல மெட்டலுன்னு நம்பித்தான் குடுத்தேன். தெரியலைன்னு சொல்லி மழுப்பலை, கேரண்டி சொல்லிக் குடுத்தேன்.

ஏன் அப்புடிப் பாக்கறீங்க?

எப்ப ரிப்போர்ட் வந்துச்சா? ஆனி மாசம். மூணாந்தேதி. ஆமாங்க, நாப்பது நாள் ஆச்சு. ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் அலைச்சல், மெஷினுக்கு அலைச்சல், கரண்டு போனா பேட்டரிக்கு அலைச்சல். உங்க நம்பர் வேற எங்கயோ... இல்ல. நம்பர் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். தெனமும் எடுத்துப் பாப்பேன், "காங்கேயம் லேத்து"ன்னு போட்டு வெச்சிருக்கேன். பாத்துட்டு மூடிருவேன். இன்னும் எடுத்துக் கடைஞ்சிருக்க மாட்டீங்க, ஓரமாப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சுக்குவேன். மூணு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து திரும்பிப் போனேன்.

ரிப்போர்ட் வந்த அன்னைக்கே துளசிமணி கேட்டா. டாக்டரம்மா ரூம்ல இருந்து வெளிய வந்ததும் அவ கேட்ட மொதல் கேள்வி அதுதான். தனக்கு என்ன ஆகும்னு கேக்கல. "அந்தக் காங்கேயத்துத் தம்பிகிட்டச் சொல்லிருங்க மாமா"ன்னா. மறுநாள், "சொல்லிட்டீங்களா?"ன்னா. "சொல்லிட்டேன்"னேன். "என்ன சொன்னாரு?"ன்னா. "தூக்கிப் போட்டுட்டேங்கறாரு"ன்னேன். நம்பிட்டா. முப்பது வருசமா நான் சொல்றத நம்பறவ.

இன்னைக்குக் காலையில கஞ்சி குடுத்துட்டு இருக்கேன். திடீர்னு, "அங்க யாரு மாமா பஃப் போடறது?"ன்னா.

நான் கேக்கலியே. உங்ககிட்டப் பேசியிருந்தாத்தான கேட்டிருக்கறதுக்கு? கரண்டியப் புடிச்சுட்டு முழிச்சேன். அவ என் மூஞ்சியப் பாத்தா. கஞ்சிய நகத்தி வெச்சுட்டா. திட்டலீங்க. திட்டியிருந்தாத் தேவலை. "ஊட்டுக்காரங்கதான் போடுவாங்க, வேற யாரு போடுவா"ன்னு தானாச் சொல்லிக்கிட்டா. அப்புறம் "போன் போட்டுக் குடுங்க, நான் பேசறேன்"னா. நான் "இதெல்லாம் போன்ல பேசற விசயமா, நானே நேர்ல போறேன்"னு சட்டைய மாட்டிக்கிட்டு வந்துட்டேன். வாத்தியார் சம்சாரம் அவ பக்கத்துல இருக்காங்க.

அதான் கேக்கறேன் தம்பி. கடையறது நீங்க. சரி. பஃப் யாரு?

ஆள் வெக்கலியா. பெரிய வேலையெல்லாம் நீங்களே பாத்துக்கறீங்க. சரி. அம்மிணி சும்மா எமரி மட்டும் போடறாங்களா? எமரியும் கடைசிப் பாலிஷும். அப்புறம் கூட்டறது. எவ்வளவு நேரமுங்க? நீங்க கவனிச்சதில்ல. ஆமா, கவனிச்சிருக்க மாட்டீங்க.

இருமல் இல்லைங்கறீங்க. நல்லது. சாமி புண்ணியத்துல அப்புடியே இருக்கட்டும். ஆனா வருசம் கழிச்சும் வருமாம் தம்பி, பத்து வருசம் கழிச்சுக்கூட வருமாம். ரெண்டு பேரும் போயிப் பாருங்க. இந்தாங்க, இந்தச் சீட்டுல டாக்டரம்மா பேரும் நம்பரும் இருக்கு, பெரிலியம்னு நீங்களே சொல்லுங்க, அவங்களா கேக்கறதுக்குக் காத்திருக்காதீங்க. கொட்டாயக் கூட்டாதீங்க. தண்ணி தெளிச்சு ஈரத்துணியில தொடைங்க, துணியக் கவர்ல போட்டுக் கட்டிருங்க. நீங்க போட்டிருக்கற இந்தச் சட்டைய ஒதறாம நனைச்சு வெய்யுங்க. அதயும் அவங்க துவைக்க வேண்டாம், நீங்க துவைங்க. கடைஞ்சு வெச்சிருக்கற குமிழ அந்த ஆளுகிட்ட அப்புடியே குடுத்திருங்க, அதுக்கு மேல எமரி படக் கூடாதுன்னு சொல்லிக் குடுங்க. அந்த நாலு ராட மட்டும் எனக்குக் குடுங்க. குடுக்க மாட்டேன்னு சொல்லாதீங்க. உங்களவிட இருபது வயசு மூத்தவன், உங்க கால்ல விழறேன். விடுங்க, தூக்காதீங்க என்னைய. குடுக்கறேன்னு சொல்லுங்க, எந்திரிக்கறேன்.

சரி. சரிங்க. நல்லா இருப்பீங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி. கெளம்பறப்ப துளசி எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. நீங்க சொல்றது ஒரு பக்கம், அந்தம்மாகிட்ட நான்தான் பேசணும், போனதும் போன் போடுங்கன்னா. "நீ என்ன பேசப் போற?"ன்னு கேட்டேன், சொல்லல.

ரிங் போகுது. துளசி? நாந்தான். வந்துட்டேன். சொல்லிட்டேன், இந்தத் தடவை நெசமாவே சொல்லிட்டேன், தம்பி எதுக்க நிக்கறாரு. ஏழு கடைஞ்சாச்சாம். ஆமா. ஆமா, அந்தப் புள்ளதான். இரு, பேசாத, மூச்ச வாங்கு. நான் குடுக்கறேன்.

தம்பி, அவங்களக் கூப்புடுங்க. கொட்டாய் வழியா வேண்டாம், சுத்திட்டு வரச் சொல்லுங்க.

வாங்கம்மிணி. இந்தாங்க. எங்கூட்டுக்காரி. பத்து வார்த்தைக்கு ஒருக்கா நின்னு போகும். லைன் கட்டாயிருச்சுன்னு வெச்சுராதீங்க. மூச்சு வாங்கிட்டு மறுபடியும் பேசுவா.